ஓலை கட்டிய மரச்சீனி

எங்கள் சபையில் இலவச அரிசி வாங்குவதற்கு அதற்கென்று ஒரு முகம் வேண்டும். நன்றாகச் சிரித்துவிட்டால் "இவளுக்கு என்ன குறைச்சல்" என்பார்கள். சிரிக்காவிட்டால் கொடுத்தவர் மனம் நோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முகத்தை மாட்டிக்கொண்டு, மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். சபைச் செயலர் ஷிபு அண்ணன் மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பெயர் வந்ததும் போய்ப் பையை வாங்கி நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். பையில் யேசுரத்தினம் சாருடைய அம்மாவின் படம் இருக்கும். அது மறையாமல் நாம் நிற்கிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டோ எடுப்பார்கள்.

யேசுரத்தினம் சார் எங்கள் ஊரில் பிறந்து வெளிநாட்டில் கம்பெனி நடத்துகிறவர். கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா பெயரில் அறக்கட்டளை வைத்து, அண்டியாபீஸ் மூடியதால் அடுப்பு அணைந்த வீடுகளுக்கெல்லாம் மாதம் ஒரு பை அரிசியும் பருப்பும் அனுப்பினார். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையைத்தான் நாங்கள் அண்டியாபீஸ் என்போம். என் பெயர் அஜிதா. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே அண்டி தல்லியவள் நான். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போன பிறகு அந்த வேலைதான் எனக்கும் என் மகள் ஜெஸ்பினுக்கும் கஞ்சி. ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் கேட்டில் பூட்டு தொங்கியது. பிறகு அரிசிப் பை வந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நானும் பார்க்கவில்லை. மாடுதான் மாதாமாதம் என் பல்லைப் பிடித்துப் பார்த்தது.

ஜெஸ்பின் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்த என் போட்டோவை அவள் வகுப்பில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வந்தவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்மா."

"வேற என்னத்தத் திம்ப?"

"என்னமும் திங்குதேன். இது வேண்டாம். நீ அந்தப் படத்துல சிரிக்கியா அழுதியான்னு எனக்குத் தெரியல்ல."

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று சொன்னவன் பசி கண்டவனாக இருக்க மாட்டான். என் வீட்டில் பசி வந்தது, ஒன்றுகூடப் பறக்கவில்லை. மானம் எங்களுக்கு முன்னால் வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. மறுநாளும் அவள் அந்தச் சோற்றைத் தொடவில்லை, அவித்த கீரையைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அப்போதுதான் எனக்கு ஆலய விளை ஞாபகத்துக்கு வந்தது.

ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டு நிலம் அது. ரப்பர் மரங்களை வெட்டி விற்ற பிறகு காடு பிடித்துக் கிடந்தது. அரிசி வாங்குகிறவர்களில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய், மரவள்ளிக்கிழங்கை, எங்கள் பேச்சில் மரச்சீனியை, நட்டுக்கொள்கிறோம் என்று கமிட்டியில் கேட்டேன். ஷிபு அண்ணன் சிரித்தார்.

"அண்டி தல்லுன கைக்கு மம்பட்டி நிக்குமா? சரி, கொத்திப் பாருங்க."

நாலு நாளில் ஓடிவிடுவோம் என்று நினைத்துத்தான் சம்மதித்தார்கள். எட்டாவது ஆளாக நான் தாணம்மக்காவைச் சேர்த்தபோதுதான் முணுமுணுப்பு வந்தது. தாணம்மக்கா அண்டியாபீஸில் எனக்குப் பக்கத்து இருக்கை. அவளுடைய வேலியும் ஆலய விளையும் ஒட்டிக் கிடக்கிறது. ஆனால் அவள் அய்யாவழி, ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வழிபாட்டு இடமான தாங்கலுக்குப் போகிறவள். சபை நிலத்தில் சபையில் இல்லாதவளுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள்.

"மரச்சீனிக்கு ஞானஸ்நானம் குடுத்தாக்கும் நடுதது, அண்ணே?" என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

ஆனி மழையில் நட்டோம். ஆளுக்குச் சில வரிசை என்று பிரித்துக்கொண்டாலும் வேலை எல்லாருக்கும் பொதுதான். யாருக்குக் காய்ச்சலோ அவள் வரிசைக்கு மற்றவர்கள் களை வெட்டினோம். தாணம்மக்கா நட்டநடுவில் வரிசை கேட்டு வாங்கினாள். ஓரத்தில் இருந்தால் எங்கள் சபைக்காரர்களின் ஆடு மேய்ந்து சண்டை வரும் என்றாள். இடையில் போட்ட பயறு காய்த்தபோது முதல் பறிப்பை எட்டு வீட்டுக்கும் பகிர்ந்தோம். ஜெஸ்பின் அந்தப் பயற்றில் செய்த தோரன் பொரியலை வழித்துத் தின்றாள். மரச்சீனி விளையப் பத்து மாதம் வேண்டும், அதுவரை அரிசி வரிசையிலும் நிற்கத்தான் செய்தோம். சித்திரையில் கிழங்கு பிடுங்கிய பிறகு ஒரு நாளும் அங்கே நிற்பதில்லை என்று நான் ஜெஸ்பினிடம் சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை நான் காப்பாற்றியாக வேண்டும்.

தை மாதம் ஷிபு அண்ணன் மைக்கில் ஒரு நல்ல செய்தி சொன்னார். யேசுரத்தினம் சார் நேரில் வருகிறார். ஏழைகளுக்குத் தினமும் மத்தியானம் சூடாகச் சோறு போட ஒரு அன்னக்கூடம் கட்டித் தரப் போகிறார். மயிலாடிக் கல்பட்டறையில் கல்வெட்டு தயாராகிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்துக் கேட்டேன்.

"கூடம் எங்க அண்ணே கெட்டப் போறிய?"

"விளையிலதான். வேற எடம் ஏது?"

"விளையில மரச்சீனி நிக்குதே."

"பிடுங்கிரணும்."

"ஏழு மாசம்தான் ஆச்சு. இப்பம் பிடுங்குனா வேருதான் கெடைக்கும்."

"அஜிதா, இனி ஒனக்கு எதுக்கு மரச்சீனி? தெனமும் சோறு போடப் போறாருல்லா."

"சோறு போடுத விளையை அழிச்சுட்டா சோறு போடுத கூடம் கெட்டுவிய?"

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

"பை வாங்குத கைக்கு இவ்வளவு வாய் ஆகாது, கேட்டியா" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். போதகர் ஐயா இடையில் வந்து, நிற்கிற பயிர் முடியட்டுமே என்று மெதுவாகச் சொன்னார். அவர் எதையும் மெதுவாகத்தான் சொல்வார், யார் காதிலும் விழாது. அடிக்கல் நாள் குறித்தாயிற்று, சார் டிக்கெட் எடுத்தாயிற்று என்று ஷிபு அண்ணன் முடித்துவிட்டார். எங்களுக்கு ஒரு வாரம் இருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது எங்கள் கதை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரைக் கடைசியில் அறுப்பின் பண்டிகை வரும். அதற்கென்று சக்கை என்கிற பலாப்பழமோ வாழைக்குலையோ பொருத்தனையாக நேர்ந்துகொள்கிறவர்கள், அது பிஞ்சாக இருக்கும்போதே காம்பில் ஒரு துண்டு தென்னங்குருத்தோலையைக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் அது ஆலயத்தின் பொருள். பண்டிகைக்கு முன்னால் உடையவன்கூட அதைத் தொட மாட்டான். திருடன் வந்தாலும் ஓலை கட்டிய குலையை விட்டுவிட்டு அடுத்த குலையைத்தான் வெட்டிக்கொண்டு போவான். ஷிபு அண்ணன் வீட்டுச் சக்கை ஒன்று ஓலையோடு பழுத்து, காக்கை கொத்தி, வீடே நாறியபோதும் அவர் பண்டிகை வரை அதைத் தொடவில்லை.

"ஓரத்து வரிசைக்கு மட்டும் ஓலை கெட்டுவோம்" என்றேன் நான். "சுத்தி நாலு பக்கமும் ஒரு வரிசை ஆலயத்துக்கு. அதைத் தாண்டி ஜேசிபி எப்பிடி உள்ள போவும்?"

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஓலை கட்டும் வேலையை ஜெபகுமாரியிடம் கொடுத்தோம். எங்களில் இளையவள் அவள், பக்திக்காரி, கை வேகமும் உண்டு. நாங்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் விளைக்கு வந்தோம். பார்த்தால் ஓரம், நடு என்றில்லாமல் ஒவ்வொரு செடியின் மூட்டிலும் வெள்ளையாக ஓலை ஆடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, எல்லா மூட்டுலயுமா கெட்டுன?"

ஜெபகுமாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஓரத்துல மட்டும் கெட்டுனா கர்த்தரு நம்மளக் கள்ளின்னு நினைக்க மாட்டாராக்கா? ஒருத்தருக்குக் குடுக்குதுன்னா முழுசாக் குடுக்கணும்லா?"

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். முழு விளையும் இப்போது ஆலயத்தின் பொருள். பத்து மாதம் பாடுபட்டாலும் ஒரு கிழங்குகூட எங்கள் அடுப்புக்கு வராது. அவிழ்த்துவிடு என்று எவளாவது சொல்வாளா என்று மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கட்டிய ஓலையை அவிழ்த்த வீடு எங்கள் ஊரில் கிடையாது.

"தாணம்மக்கா வரிசைக்கு மட்டும் கெட்டல்ல" என்றாள் ஜெபகுமாரி, என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய். "அவிய நம்ம சபை இல்லல்லா. அவிய பொருளை நான் எப்பிடி நேருவேன்?"

தாணம்மக்கா நடுவில் ஓலையில்லாமல் நின்ற தன் வரிசைகளைப் பார்த்தாள். பிறகு ஜெபகுமாரியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

அடிக்கல் அன்று காலையில் ஜேசிபி வந்தது. நாங்கள் எட்டுப் பேரும் விளையின் வாசலில் நின்றோம். ஓட்டுநர் இசக்கி எங்கள் சபை இல்லை. ஓலையைப் பார்த்துப் பயப்படாத ஆளாகப் பார்த்துத்தான் ஷிபு அண்ணன் வரச் சொல்லியிருக்க வேண்டும். இசக்கி வண்டியில் இருந்தபடியே விளையைப் பார்த்தான், இன்ஜினை அணைத்தான்.

"இதென்ன, நேந்து விட்ட பயிரா?"

"அது ஒண்ணும் இல்லப்பா, நீ எடு" என்றார் ஷிபு அண்ணன்.

"எந்த சாமிக்கு நேந்தாலும் நேந்ததுதான். எனக்கும் பிள்ளையளு உண்டும் அண்ணாச்சி. நீங்க முதல்ல ஓலையை எல்லாம் அவுத்து விடுங்க, நான் எடுக்குதேன்."

ஷிபு அண்ணன் விளைக்குள் இறங்கினார். முதல் மூட்டின் அருகில் போனார். கை நீண்டது. அப்படியே சட்டைப் பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மனிதர் இரண்டு மூன்று மூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அதற்குள் யேசுரத்தினம் சாரின் கார் வந்துவிட்டது. பின்னால் ஒரு வேனில் சாக்கு சுற்றிய கல்வெட்டு. வெள்ளைச் சட்டை, மெலிந்த உடம்பு, களைத்த முகம். நான் நினைத்திருந்ததைவிட வயதான மனிதர். விளையை வெகுநேரம் பார்த்தார்.

"யார் கட்டினது?"

"நான்தான் சார்" என்றாள் ஜெபகுமாரி.

"உங்க பசிக்காகத்தானே நான் இவ்வளவும் செய்றேன். அதைப் போய் இப்படித் தடுக்கலாமா?"

அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். அந்த வருத்தம்தான் எனக்கு எரிச்சலை மூட்டியது.

"பசி எங்களுக்குள்ளது சார்" என்றேன். "அதுக்கு என்ன செய்யணும்னு எங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? மூணு மாசம் பொறுத்தா இந்த மண்ணு எங்களுக்குச் சோறு போடும். ஒங்க கூடத்துல நாங்க தெனமும் தட்டோட வரிசையில நிக்கணும். எங்களுக்கு நிக்க மனசில்ல."

அவர் முகம் சுருங்கியது. சட்டென்று சிறியவராகிவிட்டதைப்போல் நின்றார். ஆனாலும் இந்த ஊர்ச் சபையில் வளர்ந்தவர், ஓலையை அவிழ்க்கச் சொல்ல அவருக்கும் நாக்கு எழவில்லை.

"ஷிபு, பண்டிகை முடியட்டும். இந்தப் பயிர் முடிஞ்சதும் விளை காலியாகணும். அப்புறம் கட்டலாம்." காரில் ஏறும்போது திரும்பாமல் சொன்னார். "அதுவரைக்கும் அரிசியும் வேண்டாம். இவங்களுக்குத்தான் விளை இருக்கே."

அன்று விளை பிழைத்தது. ஷிபு அண்ணனுக்கும் அதில் பெரிய நட்டம் இல்லை என்பது அடுத்த ஞாயிறு தெரிந்தது. ஆலய விளையின் மரச்சீனி முழுவதும் பொருத்தனை, அறுப்பின் பண்டிகை அன்று முற்றத்தில் ஏலம், கருங்கல் சந்தைக் கிழங்கு வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுக்கச் சம்மதித்திருக்கிறார் என்று மைக்கில் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் கயிற்றிலேயே எங்களைக் கட்டிவிட்ட சந்தோஷம்.

மாசியும் பங்குனியும் கொடுமை. அரிசி நின்றது எங்கள் எட்டு வீட்டுக்கு மட்டும் இல்லை, பட்டியலில் இருந்த எல்லா வீட்டுக்கும். நூறு நாள் வேலையும் முடிந்துபோயிருந்தது. குழாயடியில் லில்லிபாய் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"ஒனக்கு மானம் பெருசு. என் பேரப்பிள்ளையளு என்னத்தத் திங்கும்? ஒன் வாயிதான் அதுங்க கஞ்சியைத் தட்டி விட்டுது."

நான் எல்லாருக்கும் பதில் சொல்கிறவள். அன்று பாதிக் குடத்தோடு திரும்பினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். விளையில் கிழங்கு பெருத்து மண் வெடித்திருக்கிறது, கை நீட்டினால் எட்டும், எடுக்க முடியாது. ஜெஸ்பின் வெறும் கட்டன் சாயாவைக் குடித்துவிட்டுப் படுக்கப் போனபோது, ஒரு மூட்டைப் பிடுங்கினால் யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கர்த்தர் மன்னித்தாலும் ஷிபு அண்ணன் மன்னிக்க மாட்டார். அவருக்கு அந்த ஒரு வாய்ப்பைக் கொடுத்துவிடக் கூடாது என்ற வீம்புதான் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

மறுநாள் காலை தாணம்மக்கா மம்பட்டியோடு விளைக்குள் போனாள். ஓலை கட்டிய மூடுகளுக்கு இடையே ஒதுங்கி நடந்து, தன் வரிசையில் ஒரு மூட்டைப் பிடுங்கினாள். முதல் கிழங்கைத் தன் வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை, என் வீட்டுக்கும் கொண்டுவரவில்லை. நேராக லில்லிபாய் வீட்டு வாசலில் கொண்டு போட்டாள்.

"ஓலை கெட்டாத மரச்சீனிதான். பேடிக்காம அவிச்சுக் குடு" என்றாள்.

அதன் பிறகு தினமும் காலையில் ஒரு வீட்டு வாசலில் கிழங்கு கிடக்கும். எட்டு வீடு மட்டும் இல்லை, பட்டியலில் இருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் முறை வைத்துக் கொடுத்தாள். யாருடைய பெயரையும் அவள் வாசிக்கவில்லை. வாங்கியவர்களும் நின்று நன்றி சொல்லவில்லை. பிடுங்கிய மரச்சீனி இரண்டு நாள் தாங்காது, பூட்டி வைத்து அழகு பார்க்கிற பொருள் இல்லை அது. என் வீட்டுக்கு முறை வந்த அன்று காந்தாரி மிளகாயும் உள்ளியும் நசுக்கி வைத்தேன். ஜெஸ்பின் இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றாள். எனக்கு வயிறு நிறைந்தது.

பங்குனிக் கடைசியில் தாணம்மக்காவின் வரிசைகளில் குழிகள்தான் மிஞ்சின. எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"ஒங்களுக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கல்லியே அக்கா."

"கம்பு மிச்சம் இருக்குல்லா" என்றாள், வேலியோரம் நிழலில் சாத்தி வைத்திருந்த மரச்சீனித் தண்டுகளைக் காட்டி. "அதை வெட்டி நட்டா மறுபடி முளைக்கும். ஏட்டி அஜிதா, ஓலை கெட்டுனிய, என்னத்த நேந்திய? கெழங்கையா, கம்பையா?"

நான் அவளைப் பார்த்தேன். ஏலம் போடுகிறவனும் சரி, வாங்குகிறவனும் சரி, கம்பைக் கேட்கப் போவதில்லை. பயிர் முடிந்தால் விளை காலியாக வேண்டும் என்பதுதான் பேச்சு. பயிர் முடியாமலே இருந்தால்?

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் மரச்சீனி முழுவதையும் பிடுங்கினோம். ஒரு கிழங்கு ஒளிக்கவில்லை. ஆலய முற்றத்தில் மலைபோல் குவித்தோம். ஷிபு அண்ணன் சுற்றி வந்து பார்த்து, வியாபாரிக்குப் போன் போட்டார். தாணம்மக்கா கம்புக் கட்டுகளைத் தன் வேலிக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "அது எதுக்கு?" என்றார்.

"வெறகுக்கு" என்றாள் அவள்.

ஞாயிறு விடியும்போதே தாணம்மக்கா நீங்கலாக நாங்கள் ஏழு பேரும் முற்றத்தில் கத்தியோடு உட்கார்ந்துவிட்டோம். மரச்சீனியைத் தொலி உரிக்கத் தொடங்கினோம். உரித்த கிழங்கை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டான், சாயங்காலத்துக்குள் கருத்துப்போகும். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முதலில் வந்து உட்கார்ந்தவள் லில்லிபாய். மடியில் இருந்து கத்தியை எடுத்தாள், என்னைப் பார்க்காமலே ஒரு கிழங்கை இழுத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அரிசி வாங்குகிறவர்களும் வந்தார்கள், வாங்காதவர்களும் வந்தார்கள். சபை விருந்துக்கு அசனச் சோறு வடிக்கிற பெரிய வார்ப்புப் பாத்திரங்களை இறக்கி அடுப்பில் ஏற்றினோம்.

முதல் மணி அடிக்கும் நேரத்துக்கு ஷிபு அண்ணன் வெள்ளை வேட்டியில் வந்தார். வெள்ளைக் கிழங்கு மலையைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு இதைச் செய்தீங்க? இது ஆலயத்துப் பொருள்."

"ஆலயத்துலதான அண்ணே இருக்கு" என்றேன். "கர்த்தருக்குக் குடுத்ததைக் கருங்கல் சந்தை வியாபாரிக்கு எதுக்கு விக்கணும்? கர்த்தரு பிள்ளையளு தின்னட்டும்."

அவர் போதகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். போதகர் ஐயா வார்ப்பில் கொதிக்கிறதைப் பார்த்தார், ஜெபகுமாரியைப் பார்த்தார், அவளுடைய விரலில் கத்தி பட்ட காயத்தைப் பார்த்தார்.

"பொருத்தனை வந்து சேர்ந்துவிட்டதே ஷிபு. மணி அடிக்கச் சொல்லும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அன்று எல்லார் காதிலும் விழுந்தது.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது பாய் விரித்து, வாழையிலைத் துண்டுகள் போட்டு, அவித்த மரச்சீனியும் காந்தாரி அரைத்த சம்மந்தித் துவையலும் பரிமாறினோம். போதகர் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத் தின்றார். அவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார், இந்தப் பக்கம் லில்லிபாயின் பேரன். யார் அரிசி வாங்குகிறவர், யார் பை கொடுக்கிறவர் என்று இலையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஷிபு அண்ணனின் மனைவி இரண்டு முறை சம்மந்தி கேட்டாள். ஜெஸ்பின் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக விளம்பினாள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா" என்று என் மகள் மற்றவர்களைக் கேட்பதைப் பார்த்தேன். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

ஷிபு அண்ணன் மட்டும் இலையில் உட்காரவில்லை. போனில் யாரிடமோ, "ஆமா சார், எல்லாம் பிடுங்கியாச்சு, விளை காலி" என்று சொல்லிக்கொண்டே ஆலயத்துக்குப் பின்னால் நடந்தார். அளவெடுக்க டேப்போடு ஒருவன் கூடப் போனான். நான் கையைக் கழுவாமலே பின்னால் போனேன்.

விளை காலியாக இல்லை. நாங்கள் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் தாணம்மக்கா தாங்கலில் இருந்து தன் ஆட்களைக் கூட்டி வந்திருந்தாள். பிடுங்கிய குழிகளை மூடி, மண் கூட்டி, சாண் சாணாக வெட்டிய கம்புகளை வரிசை பிசகாமல் நட்டிருந்தார்கள். முந்தின நாள் பெய்த கோடை மழையில் மண் ஈரமாக இருந்தது. கடைசி வரிசையில் தாணம்மக்கா குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை.

ஷிபு அண்ணன் விளைக்குள் இறங்கி நாலு எட்டு நடந்து நின்றார். கையில் இருந்த போனில் சார் இன்னும் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

"பயிர் முடிஞ்சா விளையை விடணும்னுதான பேச்சு?" என்றார் என்னிடம்.

"பயிர் முடியல்லியே அண்ணே."

அவர் போனைப் பார்த்தார், கம்புகளைப் பார்த்தார். ஆலய முற்றத்தில் ஊரே சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற சத்தம் கேட்டது. இப்போது ஜேசிபியைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஒங்களுக்கு என்னதான் வேணும் அஜிதா? வாயத் தொறந்து சொல்லு. சார்கிட்ட சொல்லி நான் வாங்கித் தாறேன்."

"ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "காலை எடுங்க அண்ணே. கம்பை மிதிச்சுக்கிட்டு நிக்கிய."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு காலை எடுத்தார்.